கழுத்துக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, மூளைக்கு?

இன்றைக்கு கிரிக்கெட் இல்லை, ரக்பி! ஆட்டம் தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

2003 நவம்பர் 22, சிட்னி. உலகக் கோப்பை இறுதிப் போட்டி. கூடுதல் நேரமும் முடியப் போகிறது. இங்கிலாந்து 17, ஆஸ்திரேலியா 17. எல்லைக் கோட்டில் நின்று ஸ்டீவ் தாம்ப்சன் பந்தை உள்ளே வீசுகிறார். வரிசையின் கடைசியில் லூயிஸ் மூடி அதைப் பிடிக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஜானி வில்கின்சன் வலது காலால் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே பறக்கிறது. 20-17. கோப்பை இங்கிலாந்துக்கு.

அந்தப் பந்தை வீசியவருக்கு இன்று அது ஞாபகமே இல்லை. 2020 டிசம்பரில், 42 வயதில், தனக்கு டிமென்ஷியா என்று தாம்ப்சன் வெளியே சொன்னார். கோப்பையை வென்றது நினைவில்லை, சில சமயம் மனைவியின் பெயர்கூட வருவதில்லை என்றார்.

அவர் ஆடிய இடம் ஹூக்கர். எட்டுப் பேர் எட்டுப் பேரோடு முட்டித் தள்ளும் ஸ்க்ரமில், முன்வரிசையின் நட்டநடுவில் இருப்பவர். மேட்ச் நாளில் மட்டுமல்ல, பயிற்சியிலும் இதே முட்டல்தான். மயங்கி விழவைக்கும் பெரிய அடிதான் ஆபத்து என்று இல்லை. வெளியே தெரியாத சின்ன அடிகள் வருடக்கணக்கில் சேர்ந்தாலும் மூளை கெடும்.

இங்கேதான் என் பி.காம் புத்தி வேலை செய்கிறது :-) 2007-ல் கழுத்துக் காயத்தால் தாம்ப்சன் ஓய்வு பெற்றார். இன்ஷூரன்ஸ் பணம் கிடைத்தது. பிறகு டாக்டர்கள் ஆடலாம் என்றதும், அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் களத்துக்கு வந்தார். 2011 வரை ஆடினார். இங்கிலாந்துக்காக மொத்தம் 73 சர்வதேசப் போட்டிகள். கழுத்துக்கு ஸ்கேன், கழுத்துக்குக் கணக்கு, கழுத்துக்கு இழப்பீடு எல்லாம் இருந்தன. அதே ஆட்டத்தில் தேய்ந்துகொண்டிருந்த மூளைக்கு எந்தப் பேரேட்டிலும் ஒரு வரி இல்லை. ஒரு மெஷினுக்கே வருஷா வருஷம் தேய்மானம் எழுதுகிறோமே!

"முரட்டு ஆட்டம் என்று தெரிந்துதானே போனார், சம்பளமும் வாங்கினாரே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒருவர் ஒப்புக்கொண்டது எலும்பு முறிவை, கழுத்து வலியை. 42 வயதில் நினைவை இழப்பதற்கா கையெழுத்துப் போட்டார்? ஆபத்து என்னவென்று முழுதாகச் சொல்லாத ஒப்பந்தத்தில் சம்மதம் எப்படி முழுமையாகும்?

தாம்ப்சனும் வேறு பல முன்னாள் வீரர்களும் உலக ரக்பி அமைப்பு, இங்கிலாந்து, வேல்ஸ் ரக்பி சங்கங்கள் மீது சட்ட நடவடிக்கையில் இறங்கினார்கள். சட்டப்படி யார் பொறுப்பு என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். பயிற்சியில் முழு வேக மோதல் வாரத்துக்கு 15 நிமிடம் போதும் என்று உலக ரக்பி அமைப்பு 2021-ல் வழிகாட்டியது. மோதலை அளக்கும் பற்கவசம் 2024-ல் வந்தது. நல்லதுதான். ஆனால் இவை இனி ஆடப்போகிறவர்களுக்கு.

1995-ல் ரக்பி சம்பள ஆட்டமானது. டிக்கெட், டிவி உரிமை, விளம்பரம் என்று வருமானம் வளர்ந்தது. அந்த வருமானத்தை ஈட்டித் தந்த உடம்புகளின் வைத்தியச் செலவும் அதே கணக்கில் வரவேண்டும் என்பதுதான் என் கட்சி. வழக்குப் போட்டவருக்கு மட்டும் இல்லாமல், ஆடிய எல்லோருக்கும், ஓய்வுக்குப் பிறகும்.

லாபத்தைச் சங்கமும் நஷ்டத்தைக் குடும்பமும் பிரித்துக்கொள்வதற்குப் பெயர் பார்ட்னர்ஷிப் இல்லை.