வயிற்றுப் படமும் கிரண அளவும்

தெளிவான படத்தை விரும்பாத வைத்தியர் இலர்; தீங்கற்ற சோதனையை விரும்பாத நோயாளியும் இலர். இவ்விரு விருப்பங்களும் ஒன்றோடொன்று முரணும் இடமொன்றுண்டு. வயிற்றைச் சி. டி. கருவியிற் படமெடுக்கும் இடமே அது. இவ்விஷயத்தில் எமது அபிப்பிராயத்தை ஈண்டுக் கூறத் துணிகின்றோம்.

1895-ஆம் ஆண்டு நவம்பரில் ராண்ட்ஜன் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் எக்ஸ்-கிரணங்களைக் கண்டறிந்தபோது அவற்றின் கொடுமையை எவரும் உணர்ந்திலர். எடிசனுடைய உதவியாளரான கிளாரென்ஸ் டாலி என்பார் அக்கிரணங்களில் ஓயாது பழகி, கைகளை இழந்து, 1904-இல் உயிரும் துறந்தார். ஹாம்பர்க் நகரில் 1936-இல் நாட்டப்பெற்ற நினைவுக்கல்லில் இவ்வாறு மாண்டோர் 169 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. பின்னர் ஹவுன்ஸ்பீல்டு அமைத்த சி. டி. கருவி 1971-இல் லண்டனில் முதன்முதல் ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. இன்றோ சில விநாடிகளில் வயிறு முழுவதும் படமாகிவிடுகின்றது. இவ்விரைவினாலேயே கிரணத்தைப் பற்றிய நினைவு குன்றியதோ என ஐயுறுகின்றோம்.

மண்ணினின்றும் வானினின்றும் இயற்கையாகவே மனிதர் பெறும் கிரணம், உலகச் சராசரியில், ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2.4 மில்லிசீவர்ட்டு. வயிற்றுச் சி. டி. ஒன்றோ 8 முதல் 10 வரை தரவல்லது. மருந்து செலுத்துமுன் ஒருமுறையும் செலுத்தியபின் இருமுறையும் எடுப்பின் அதுவும் ஏறத்தாழ மும்மடங்காகும். 10 மில்லிசீவர்ட்டால் பிற்காலத்தே உயிர்கொல்லும் புற்றுநோய் நேரும் வாய்ப்பு 2,000 பேரில் ஒருவர்க்கு என மதிப்பிடுவர். சிறு எண்தான்; ஆனால் இப்படங்கள் கோடிக்கணக்கில் எடுக்கப்படுகின்றனவன்றோ?

அங்ஙனமாயின் அளவைக் குறைத்துவிடலாமே எனின், குறைத்தாற் படத்தில் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் மலியும். அவற்றைப் பாதியாக்கக் கிரணத்தை இருமடங்காக்கினாற் போதாது, நான்மடங்காக்கல் வேண்டும். அழகிய படத்தின் விலை அத்துணை!

ஆயினும் அழகு எதற்கு? சிறுநீரகக் கல்லைத் தேடுவோர்க்கு மணற்புள்ளிகள் பெருந்தடையல்ல; கல் வெண்மையாய்த் தனித்துத் தோன்றும். அதற்கு 4 மில்லிசீவர்ட்டுக்குக் குறைந்த அளவே பெரும்பாலும் போதும். ஈரலிலுள்ள சிறு கட்டியோ, தன்னைச் சூழ்ந்த தசையினின்றும் நிறத்தில் அரிதாகவே வேறுபடும். ஆங்கே கிரணத்திற் சிக்கனம் பிடித்தால் நோய் மறைந்துவிடும். பருத்த உடலினர்க்கும் குறைந்த அளவு உதவாது. கணக்கிடும் பொறிகள் புள்ளிகளை இன்று நன்கு மெழுகிவிடுகின்றன. ஆயின் மெழுகும்போது சிறு கட்டியும் உடன் மெழுகப்படலாம் என்பதை மறத்தலாகாது.

ஆதலின், கேள்வி இன்னதென்று அறியாமல் அளவு இன்னதென்று வகுத்தல் இயலாது. எமது குறை கருவியை இயக்குவோர்மீதன்று. “வயிற்றுவலி” என ஒரே சொல் எழுதிச் சீட்டனுப்பும் வைத்தியர்மீதே. அச்சீட்டைப் பெற்றவர் யாது செய்வார்? எதையும் தவறவிடலாகாதென அஞ்சி, உயர்ந்த அளவில் மும்முறையும் எடுத்துவிடுகின்றார். “எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்” என வற்புறுத்தும் உறவினரையும் யாம் கண்டதுண்டு.

இதன் மறுபுறத்தையும் சொல்லுதல் வேண்டும். பயனற்ற மங்கற்படம் மீண்டும் எடுக்கப்படுமாதலின், அதுவே இரட்டைத் தீங்கு. குடல் துளைபட்டதென ஐயமுற்றபோது கிரணத்திற்கு அஞ்சிச் சோதனையை மறுத்தல் பேதைமை. அன்று உயிர்போக்குவது கிரணமன்று. குழந்தைகள் விஷயமோ வேறு. அவர்தம் வளரும் உடலைக் கிரணம் எளிதில் தாக்கும்; தீங்கு வெளிப்படுதற்கு நீண்ட ஆயுளும் முன்னே கிடக்கின்றது. அவர்க்கும் கர்ப்பிணிகட்கும் கிரணமற்ற ஒலியலைச் சோதனையை முதலிற் செய்தல் தகும்.

நம் கல்லூரியினின்றும் வைத்தியக் கல்வி பயிலச் செல்லும் மாணவர்கள் ஒருநாள் இச்சீட்டுகளை எழுதப்போகின்றவர்கள். எவ்விடத்தில் வலி, எத்தனை நாளாக, எந்நோயென ஐயம், முன்னர் எடுத்த படம் உண்டா என்னும் நான்கையும் எழுத இரண்டு நிமிஷம் செல்லும்.