பட்டாளத்துச் சாமான்

கல்மண்டபத்தில் பழைய மோட்டார் வண்டிகளைப் பழுது பார்ப்போர் நடுவே சிறிது நேரம் நின்றவர் எவரும் ஒரு புலம்பலைக் கேளாது திரும்பியிரார். “அக்காலத்தில் பட்டாளத்து ஜீப் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது, ஏலத்தில் கை தூக்கினால் வண்டி வீட்டுக்கு வந்துவிடும்” என்பதே அப்புலம்பல். சொல்வோருள் பெரும்பாலார் அவ்வேலத்தைக் கண்டவரல்லர். தந்தையார் கண்டிருப்பார், அன்றேல் தந்தையாரின் முதலாளி கண்டிருப்பார். யானும் அவ்வேக்கத்திற்கு அயலானல்லேன். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் வைத்திருந்த இரும்புக் கலம் பட்டாளத்திலிருந்து வந்தது. இரண்டு தகடுகளை அச்சில் அழுத்திப் பற்றவைத்து ஆக்கிய அதன் தலையில் மூன்று கைப்பிடிகள் உண்டு. ஒருவர் தூக்கினால் நடுப்பிடி. இருவர் தூக்கினால் ஆளுக்கோர் ஓரப்பிடி. ஜெர்மானியர் 1930-களில் வகுத்த அமைப்பு அது. நலன் கண்ட ஆங்கிலேயரும் அமெரிக்கரும் பகைவரென்றும் பாராது அதனைப் பார்த்துச் செய்துகொண்டனர். இருபது லிட்டர் கொள்ளும் அக்கலம் இன்றளவும் ஒழுகியதில்லை.

இம்மலிவு நேர்ந்த விதம் அறியத்தக்கது. யுத்தம் 1945 ஆகஸ்டில் ஓய்ந்தபோது, பர்மாவையும் சீனத்தையும் நோக்கிச் சென்ற சேனைகளுக்காகக் குவித்த லாரிகளும் ஜீப்புகளும் கூடாரங்களும் கம்பளிகளும் பூட்சுகளும் இந்தியாவெங்கும் தேங்கிக் கிடந்தன. கப்பலேற்றித் திருப்பியனுப்பும் செலவு அவற்றின் விலையையே விழுங்கிவிடும். 1946 மே மாதத்து உடன்படிக்கையின்படி, அமெரிக்கர் இங்கு விட்டுச் சென்ற உபரிச் சாமான்கள் இந்திய சர்க்காரின் கைக்கு வந்தன. அவற்றை விற்ற இலாகாவின் பெயரால் ‘டிஸ்போசல்ஸ்’ என்னுஞ் சொல் கடைத்தெருவிலும் புழங்கலாயிற்று. வாங்குவோர்க்கும் குறைவில்லை. யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு, பஸ்கள் கரிவாயுவால் மூச்சுத் திணறி ஓடின, மதுரை டி. வி. எஸ். நிறுவனத்தார் அதற்கான கருவியைச் செய்து விற்றனர். புதிய மோட்டார் வண்டி பொதுமக்களுக்கு எட்டாக் கனியாயிற்று. அந்நிலையில் பட்டாளத்து லாரி கிடைத்தவர் அதன்மேல் மரக்கூண்டு கட்டிப் பஸ்ஸாக ஓட்டியதில் வியப்பென்ன?

ஆனால் அம்மலிவு வண்டியில் இருந்ததா, வாங்கியவன் கையில் இருந்ததா என்பதே என் வினா. ஜீப்பை எடுத்துக்கொள்வோம். வில்லிஸ் நிறுவனமும் போர்டு நிறுவனமும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்தன. எனினும் வரைபடம் ஒன்றே. ஒன்றன் உறுப்பு மற்றொன்றில் பொருந்தும். ஆகவே முடங்கிய மூன்று வண்டிகளை வாங்கியவன் இரண்டினை ஓடச் செய்து, எஞ்சியதை உறுப்பு உறுப்பாக விற்கலாம். இயந்திரம் நான்கு உருளைகளும் அறுபது குதிரைச் சக்தியுமுடையது. மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்கும் கைக்கும் எட்டும். சுக்கான் சக்கரம் மட்டும் இடப்பக்கம் இருந்தமையால், முந்திச் செல்லும்போது எதிரே வருவதை அருகிலிருப்பவன் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும்! இயந்திரம் அறிந்தவனுக்கே அவ்வண்டி மலிவு. அறியாதவனுக்கு அது துருப்பிடித்த கடன்.

இதற்குச் சர்க்காரே சாட்சி. 1948-இல், வி. கே. கிருஷ்ண மேனன் இலண்டனில் ஹை கமிஷனராக இருந்த காலத்தில், புதுக்கிய பழைய ஜீப்புகளை வாங்க ஏற்பாடாயிற்று. பணத்தின் பெரும் பகுதி முன்னரே கொடுக்கப்பட்டது; வந்து சேர்ந்தவை 155; அவையும் சேவைக்குத் தகுதியற்றவை என்று குறை கூறப்பட்டது. பாராளுமன்றத்தில் பல்லாண்டு பேசப்பட்ட அவ்விவகாரம் 1955-இல் முடித்து வைக்கப்பட்டது. கல்மண்டபத்துப் பட்டறைக்காரர் எவரும் இயந்திரத்தை முடுக்கிக் காது கொடுத்துக் கேளாமல் காசை அவிழ்க்கமாட்டார்.

நிற்க. பழம்பெருமை பேசுவோர் மறந்துவிடும் கணக்கு ஒன்றுண்டு. 1942-இல் பர்மாவினின்று உயிர் தப்ப ஓடிவந்தோருள் நம் தமிழர் எண்ணிறந்தோர். வண்டியின்றி, வழித்துணையின்றி, மலையும் காடும் கடந்து நடந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர். அவர்களுட் சிலர் நடந்த ஹூகாங் பள்ளத்தாக்கின் வழியேதான் லெடோ சாலை அமைந்து, 1945-இல் ஜீப்புகளும் லாரிகளும் சாரிசாரியாகச் சென்றன. வங்காளத்தில் 1943-இல் பஞ்சத்தால் மடிந்தோர் முப்பது லட்சம் என்பர். உணவுக்கு இல்லாத வண்டி யுத்தத்திற்கு இருந்தது. யுத்தம் தீர்ந்தபின் அதுவே ஏலத்தில் மலிந்தது. அம்மலிவு மீண்டும் வாய்க்க வேண்டுமென்று ஏங்குவோர், அதனைக் கொணரும் யுத்தத்தையும் உடன் அழைப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஏலக்காலமும் பெரும்பாலும் ஒழிந்தது. சர்க்காருக்காகச் சாமான் வாங்கியும் விற்றும் வந்த டைரக்டரேட் ஜெனரல் ஆப் சப்ளைஸ் அண்டு டிஸ்போசல்ஸ் 2017 அக்டோபர் 31-இல் மூடப்பட்டது. இப்பொழுது எம். எஸ். டி. சி. நிறுவனத்தின் வழியாகக் கணினியிலேயே ஏலம் நடைபெறுகிறது. 2023 ஏப்ரல் முதல், பதினைந்து ஆண்டு கடந்த சர்க்கார் வண்டிகளுக்குப் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. தேசப் பாதுகாப்புக்குரிய விசேஷ வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவை உடைக்கப்பட வேண்டியவை. எண்ணூர்ப் புகையையும் மணலிப் புகையையும் சுவாசித்து வாழும் நாம், பழைய வண்டியின் புகை குறைவதைக் குறை கூறலாகாது.

என் குறை வேறு. திருவொற்றியூரில் செய்யப்பட்ட புல்லட் மோட்டார் சைக்கிள், பட்டாளத்தில் உழைத்துத் தேய்ந்து, ஏலம்போய், மறுபடியும் இவ்வட்டாரத்துப் பட்டறைக்கே வந்து உயிர் பெற்றதை யான் கண்டிருக்கிறேன். அதனைத் திறந்து மூடிய கைகளுக்கு வாரிசு இல்லை. அவர்தம் பிள்ளைகள் நம் கல்லூரியில் வாணிபமும் கணினியும் பயில்கின்றனர், பயிலட்டும். பௌதிக மாணாக்கரோ நான்கு வீச்சு இயந்திரத்தின் படத்தைப் பரீட்சைத் தாளில் அழகாகத் தீட்டுகின்றனர். அவருள் ஒன்றைத் திறந்து பார்த்தவர் எத்துணைப் பேர்?

ஆதலின் நம் கல்லூரி நிர்வாகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கிப் பரிசோதனைச் சாலைக்குப் பின்னுள்ள கொட்டகையில் வைக்கலாம். கல்மண்டபத்து முதியவர் ஒருவரைச் சனிக்கிழமைதோறும் வரவழைத்து, ஆசிரியருக்குரிய மரியாதையும் ஊதியமும் தந்து, கலைப்பிரிவினர் உள்ளிட்ட எல்லா மாணாக்கரும் அதனைப் பிரித்துப் பூட்டக் கற்பிக்கச் செய்யலாம். இதற்கு இசைவாரோ என்று அத்தகைய பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். ஊதியம் பற்றி அவர் ஒன்றும் வினவவில்லை. பிள்ளைகள் கையில் கிரீஸ் படுவதற்குச் சம்மதிப்பார்களா என்றுதான் கேட்டார்.