ஓட்டுநரை எடுத்துவிட்டால் போதுமா?

2012-ல் கூகுள் ஒரு காணொளியை வெளியிட்டது. பார்வையில் 95 சதவீதத்தை இழந்த ஸ்டீவ் மஹான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்; ஸ்டீயரிங்கைத் தொடாமலே டாக்கோ பெல் கடைக்குப் போய்ச் சாப்பாடு வாங்கினார். 2015-ல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், ஸ்டீயரிங்கும் பெடலும் இல்லாத வண்டியில் தன்னந்தனியே பொதுச் சாலையில் போனார். கார் தானாக ஓடினால் கண் மங்கிய முதியவர்களின் பயணக் கஷ்டம் தீர்ந்தது என்ற நம்பிக்கை அதன்பின் நன்றாக வேரூன்றிவிட்டது.

தீரவில்லை. இப்போதுள்ள போக்கில் தீரவும் தீராது.

மஹானின் பயணம் பெரிய சாதனை, ஐயமில்லை. ஆனால் டாக்சிக்காரர் செய்யும் வேலையில் வண்டி ஓட்டுவது ஒரு பங்குதான். அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், கதவைத் திறந்துவிடுவார், "படி இருக்கு, பார்த்து" என்பார். ஓட்டுநரை எடுத்தவர்கள் இந்த வேலைகளையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் ஓட்டுநரில்லாமல் ஓடும் வேமோ நிறுவனத்தின் வாடகைக் காரையே எடுத்துக்கொள்வோம். ஜாகுவார் ஐ-பேஸ் மின்சார வண்டி. என்ஜின் சத்தம் கிடையாது. யாருக்கான கார் என்று காட்ட, கூரைமேல் உள்ள குமிழில் பயணியின் பெயரின் முதலெழுத்துகள் ஒளிரும். கைப்பிடி கதவோடு கதவாகப் படிந்திருந்து, தேவைப்படும்போது வெளியே நீளும். கண் தெரிந்தவருக்கு எல்லாம் அழகு. மாகுலா சிதைவு வந்த எழுபத்தைந்து வயதுக்காரருக்கோ, நேரே பார்க்கும் இடம்தான் மங்கல், ஓரப்பார்வை இருக்கும். கார் நிற்பது தெரியும், அந்த எழுத்து தெரியாது. கிளாக்கோமா முற்றியவருக்கு நேர்மாறு: எழுத்து தெரியலாம், பக்கவாட்டில் வரும் சைக்கிள் தெரியாது. பார்வைக் குறைவு ஒரே மாதிரியானது அல்ல. அதற்கு ஒரே தீர்வு போதும் என்று நினைப்பதிலேயே கோளாறு தொடங்குகிறது.

நிறுவனம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளோடு வேமோ செயலி இயங்கும். காரைக் கண்டுபிடிக்க அதிலிருந்தே ஹாரன் அடிக்கலாம். இளவயதிலிருந்தே பார்வையின்றிப் பழகியவருக்கு இவை பெரிய உதவி. ஆனால் எழுபதுக்கு மேல் கண் மங்கியவர்களில் பெரும்பாலோர் பிரெயில் படித்தவர்கள் அல்லர். போன் வாசித்துச் சொல்லச் சொல்லத் திரையில் விரலை நகர்த்தும் பழக்கமும் அவர்களுக்கு இல்லை. பலருக்குக் காதும் மந்தம். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று கார் ஹாரன் அடித்தால், சாலையைக் கடப்பது யார் பொறுப்பு?

வழி இல்லாமல் இல்லை. மெய்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பயணியை ஒலியாலும் அதிர்வாலும் காரின் கதவுவரை கூட்டிப்போகும் செயலியை உருவாக்கி, 2022-ல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் போட்டியில் பரிசும் பெற்றார்கள். கடைசிப் பத்தடியைத் தனிப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டதால்தான் அவர்களால் அது முடிந்தது.

இதை நிறுவனங்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடக் கூடாது. ஓட்டுநரில்லாக் கார்கள் பயணிகளை ஏற்ற அனுமதி தருவது கலிஃபோர்னியாவின் பொதுப் பயன்பாட்டு ஆணையம். அந்த அனுமதியிலேயே நிபந்தனைகள் ஏற வேண்டும்: செயலி இல்லாமல் போனில் பேசியே கார் கூப்பிடும் வசதி, வாசல் இருக்கும் பக்கமாகவே வண்டி நிற்பது, தொட்டதும் பிடிபடும் கைப்பிடி, அழைத்தால் உடனே பேச ஒரு மனிதர். அதுவரை "முதியோருக்கு விடுதலை" என்று விளம்பரம் செய்ய எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை.