பிறவிக் குணமா?

"அடிக்கிற பிள்ளை அடித்துக்கொண்டுதான் இருக்கும், அது ரத்தத்தில் வருவது" என்று வாதிடுவோர் 'போர்வீரன் மரபணு' எனப்படும் மாவோ-ஏ-வைச் சான்றாக நீட்டுகிறார்கள். அந்த மரபணுவைப் பற்றிய ஆய்வே அவர்களுக்கு எதிராகப் பேசுகிறது.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 குழந்தைகளை ஆய்வாளர்கள் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். 2002இல் வெளியான முடிவு இது: அந்த மரபணுவின் வீரியம் குறைந்த வகையைக் கொண்ட ஆண்களில், சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களே பின்னாளில் வன்முறையில் அதிகம் இறங்கினார்கள். அதே வகையோடு கொடுமையில்லாமல் வளர்ந்தவர்களிடம் அந்த நாட்டம் கூடவில்லை. மரபணுவைத் தூக்கிக் காட்டிவிட்டு, அடிபட்ட பிள்ளையை மறைப்பது நேர்மையா?

மரபுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரட்டையர் ஆய்வுகள் அந்தப் பங்கைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆனால் அவை பிள்ளைகளுக்கு இடையிலான வேறுபாட்டை அளப்பவை. எந்தப் பிள்ளையின் தலைவிதியையும் எழுதுபவை அல்ல.

கனடாவின் கியூபெக்கில் ஆய்வாளர் ரிச்சர்ட் ட்ரம்ப்ளே குழுவினர் கண்டதையும் பாருங்கள். அடிப்பதும் கடிப்பதும் 2 முதல் 4 வயதுக்குள் உச்சத்தைத் தொடுகின்றன; பிறகு பெரும்பாலான பிள்ளைகளிடம் குறைகின்றன. அடிக்காமல் இருக்கத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது. பேச்சு வரவர, "அது எனக்கு வேணும்" என்று கேட்கத் தெரிகிறது. அந்த வயதில் கடித்த பிள்ளையின் முதுகில் இரண்டு வைப்பவர்கள் எந்தப் பாடத்தைக் கற்றுத்தருகிறார்கள்?