வெளுக்க வேண்டியது துணி, நுரையீரல் அல்ல

பால் வெட்டி வீடு திரும்பும் தொழிலாளியின் உடுப்பில் பால் மட்டுமா ஒட்டி வருகிறது? பால் உறையாமலிருக்க ஊற்றும் அமோனியாவும், ஸ்டோரில் அதை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட்டும் சேர்ந்தே வருகின்றன. நாற்றம் போகட்டுமென்று அந்த உடுப்பைச் சலவைத் தூளோடு பிளீச்சும் ஊற்றி ஊறவைக்கிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பிளீச் ஆசிட்டோடு கலந்தால் குளோரின் கிளம்பும். 1915-ல் பெல்ஜியப் போர்முனையில் சிப்பாய்களை மாய்த்த நச்சுவாயு இதுதான். அமோனியாவோடு கலந்தால் குளோரமின் எழும். கண் எரியும், மூச்சுத் திணறும். கதவடைத்த குளியலறையில் இது விளையாட்டல்ல. இத்தனைக்கும், உறைந்த பாற்கறை பிளீச்சால் போவதுமில்லை.

நாம் செய்யக்கூடியது எளிது. வேலை உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல், வெளியே முதலில் பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசுவோம். பிறகு கட்டிச் சவர்க்காரம் போட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்துவோம். மீந்த ஆசிட்டைப் போத்தலில் வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கத்தையும் விட்டொழிப்போம்.

ஆனால் பொறுப்பு நம்முடையது மட்டுமல்ல. வேலையில் உள்ள ஆபத்தைத் தொழிலாளருக்கு விளக்கிப் பயிற்சி தருவது முதலாளியின் கடமை என்கிறது 1994-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம். மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒட்டிய எச்சரிக்கையைப் படிக்க முடியாதவருக்கு அது வெறுந்தாள். நிர்வாகம் அதைத் தமிழிலும் விளக்கட்டும். வேலை உடுப்பும் துவைக்குமிடமும் தரட்டும். அதுவரை, கிராணிமாராகிய நாம் பெரட்டிலேயே அதைப் படித்துச் சொல்வோம்.