கந்தோரும் வீடும் இடைவழியும்

வீட்டிலிருந்தே வேலை செய்வதா, கந்தோருக்குத் திரும்புவதா என்ற விவாதம் எமது பாடசாலை ஆசிரியர் ஓய்வறைக்குள்ளும் நுழைந்துவிட்டது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது, யூலை இறுதியிலிருந்து பாடசாலைகள் வாரத்தில் 3 நாள் மாத்திரமே நடைபெற்றன. எஞ்சிய நாட்களில் கற்பித்தல் வீட்டிலிருந்தே நடக்குமெனப்பட்டது. அவ்வொழுங்கை நிரந்தரமாக்கினால் என்ன என்று நண்பரொருவர் கேட்கிறார். தொழிற்சங்கக் கிளையின் அடுத்த கூட்டத்தில் அதனைத் தீர்மானமாகவே கொண்டுவரப் போகிறாராம்.

அவரைச் சோம்பேறி என்று ஒதுக்கிவிடுதல் எளிது, நியாயமன்று. அவரும் நாமும் விடியுமுன் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, கிளிநொச்சியில் இறங்கி, அதற்கப்பாலுள்ள கிராமத்துக்கு வேறு வாகனம் தேடிச் செல்பவர்கள். முதற் பாடத்துக்கு மணியடிக்கும்போதே உடம்பின் வலுவிற் பாதி வழியில் தீர்ந்துபோயிருக்கும். ஆயினும் அவருடைய தீர்மானத்தை நாம் எதிர்க்கிறோம். எமது எதிர்ப்பை முதலாளிமாரின் கூச்சலோடு சேர்த்து யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதனை எழுத நேர்ந்தது.

முதலாளிமாரின் கூச்சல் யாதென்று முதலிற் பார்ப்போம். கொள்ளைநோய்க் காலத்தில் உலகமெங்கும் வீட்டு வேலைக்கு மறுபெயராகிப் போன சூம் கம்பனி, 2023 ஓகஸ்ரில், காரியாலயத்துக்கு 50 மைல் தூரத்துக்குள் வாழும் தன் ஊழியர் வாரத்தில் 2 நாளேனும் நேரில் வரவேண்டுமெனக் கட்டளையிட்டது. அமேசான் கம்பனியோ 2025 சனவரியிலிருந்து தன் காரியாலய ஊழியர்களை வாரத்தில் 5 நாளும் வரச்சொன்னது. கூடி வாழ்தலின் சிறப்புப் பற்றி இவர்கள் செய்யும் உபதேசத்தைக் கேட்டால் கண்ணீர் வரும். ஆனால் அதே ஊழியர் தமக்குள்ளே கூடிச் சங்கம் அமைக்கப் புறப்பட்டால், கூடுதலில் இவர்களுக்குள்ள காதல் எங்கே போகிறதென்று அமேசான் பண்டசாலைத் தொழிலாளரைக் கேட்டால் தெரியும்.

எமது நாட்டிலோ கதை தலைகீழாக நடந்தது. பெற்றோல் வாங்க அரசிடம் டொலர் இல்லாதுபோனதும், 2022 யூனில் வெள்ளிக்கிழமைகளை 3 மாத காலத்துக்கு அரசாங்க ஊழியரின் விடுமுறை நாளாக்க மந்திரிசபை இசைந்தது. வீட்டுத் தோட்டம் செய்து உணவுப் பஞ்சத்தைத் தீர்க்க வேண்டுமாம். வாடகை வீட்டின் சீமெந்து முற்றத்தில் எழுதுவினைஞர் எதைக் கிண்டி எதை நட்டிருப்பார்? அங்கே வா என்றார்கள். இங்கே போ என்றார்கள். இரண்டிடத்திலும் உழைப்பவனை எவரும் கேட்கவில்லை.

இப்பொழுது வழிக்கு வருவோம். கடை, காரியாலய ஊழியர் பற்றிய 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வேலைநேரத்தை வரையறுத்தது. போராடிப் பெற்ற வரையறை அது. ஆனால் அந்தக் கடிகாரம் கந்தோர் வாசலில்தான் ஓடத் தொடங்குகிறது. வாசலை அடைவதற்காக மிதிபலகையில் தொங்கிக் கழிந்த இரண்டு மணிநேரம் எந்தக் கணக்கிலும் இல்லை. 2022இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் திருத்தப்பட்டபோது, வீட்டுக்கும் வேலைத்தலத்துக்குமிடையே பயணத்தில் நேரும் விபத்தும் நட்டஈட்டுக்கு உரியதாயிற்று. நல்ல திருத்தம், வரவேற்கிறோம். ஆனால் அதன் தருக்கத்தைச் சற்று நீட்டிப் பாருங்கள். வழியில் கால் முறிந்தால் அவ்வழி வேலையின் பகுதி. கால் முறியாமல் வந்து சேர்ந்தால் அஃது அவனது சொந்த அலுவல்!

தூரமும் கடவுள் விதித்ததன்று. 1958 சனவரி முதலாந் திகதி இந்நாட்டின் பஸ் சேவை அரசுடைமையாயிற்று. 1977க்குப் பின் வந்த திறந்த பொருளாதாரம் வீதியைத் தனியார் பஸ்களுக்குத் திறந்துவிட்டது. சனம் நிறைந்த வழியில் ஒன்றையொன்று முந்த இரண்டு பஸ், சனம் குறைந்த வழியில் ஒன்றுமில்லை என்ற நியதி நிலைத்தது. கொழும்பிற் கோட்டையிலிருந்து மாலபே வரை யப்பானியக் கடனுதவியில் அமையவிருந்த இலகு புகையிரதத் திட்டம் 2020 செப்டெம்பரில் இரத்துச் செய்யப்பட்டது. செலவு அதிகம் என்றார்கள். செலவு அதன்பின் இல்லாமற் போய்விட்டதா? அது பயணிகளின் தலைக்கு மாறியது. 2022 யூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியபோதும், யூலையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்தபோதும், வரிசையில் நின்றவர்கள் யாவர் என்பதை நாமறிவோம். வரிசையிலேயே சிலர் இறந்தும் போனார்கள்.

ஆகவே வழியின் கொடுமையை நண்பருக்கு நாம் மறுக்கவில்லை. வழியின் கொடுமைக்கு மருந்து வீடு என்று அவர் சொல்வதைத்தான் மறுக்கிறோம்.

வீடு எவ்விதம் வேலைத்தலமாகும் என்பதை அறிய மலைநாட்டுக்குப் போகலாம். தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்குப் பஸ் நெரிசல் இல்லை. கோப்பிக் காலத்திலிருந்தே அவனுடைய வீடு வேலைக்குள்ளேதான் கட்டப்பட்டது. லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலைக்கு வராதவனுக்கு அறை எதற்கு என்று துரை கேட்கலாம். கட்டுநாயக்காவில் 1978இல் தொடங்கிய வர்த்தக வலயமும் பயணப் பிரச்சினையை இவ்வாறே தீர்த்தது. கிராமத்துப் பெண்ணைப் பெயர்த்துக் கொண்டுவந்து தொழிற்சாலையருகே ஓர் அறையில் நாலைந்து பேராக அடுக்கிவிட்டால், இடைவழி ஏது? 2020 மார்ச்சில் நாடே ஊரடங்கில் வீட்டினுள் இருந்தபோது மலையில் கொழுந்தெடுப்பு நிற்கவில்லை. வீட்டிலிருந்து வேலை என்ற புதிய சுதந்திரத்தை அந்தப் பெண்களிடம் யாரேனும் விளக்கிப் பார்த்தார்களா?

இது மிகைப்படுத்தல், மடிக்கணினி வைத்திருப்பவர் லயத்துத் தொழிலாளியல்லர் என்பார்கள். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மார்க்ஸ் மூலதனம் முதற் பாகத்தில், இயந்திரங்கள் பற்றிய நீண்ட அத்தியாயத்தில், இங்கிலாந்தின் லேஸ் தொழில் வீடுகளுக்குள் நடந்த விதத்தைக் காட்டுகிறார். மூச்சுவிட இடமற்ற அறைகளில் பெண்களும் குழந்தைகளும் நேரகாலமின்றி உழைத்தார்கள். தொழிற்சாலைக்கு விதிக்கப்பட்ட சட்டம் அவ்வீடுகளின் வாசலைத் தாண்டவில்லை. அறையின் வாடகை, விளக்கின் எண்ணெய் எல்லாம் உழைப்பவர் தலையில். எண்ணெய்க்குப் பதிலாக இன்று மின்கட்டணமும் இணையக் கட்டணமும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் தடைப்பட்ட நாட்டிலே இருந்துகொண்டு, வீடு ஒரு காரியாலயமாகும் என்று நம்புவதற்குத் தனித் துணிவு வேண்டும். எமது சகோதர ஆசிரியைகளோ வீட்டில் ஏற்கெனவே ஓர் உத்தியோகம் பார்க்கிறார்கள். ஒரு கையில் அகப்பையும் மறு கையில் கைத்தொலைபேசியுமாக இலக்கணம் கற்பித்தவர்கள் அவர்கள். வீட்டிலிருந்து வேலையைப் புகழ்ந்து இதுவரை எமக்குச் சொற்பொழிவாற்றியவர் அனைவரும் ஆண்கள் என்பதையும் இவ்விடத்திற் குறித்துவைக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, ஏனையோர் சுருட்டைச் சுற்றியவாறே கேட்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள் அங்கே உலக அரசியல் கற்றார்கள். வடபகுதி இடதுசாரி இயக்கத்தின் தொடக்க வலுவில் ஒரு பங்கு அக்கொட்டில்களிலே பிறந்தது. வீட்டுத் திண்ணையில் தனியே இருந்து எண்ணிக்கைக் கூலிக்குப் பீடி சுற்றும் பெண்ணுக்கு வாசித்துக் காட்ட யார் இருக்கிறார்? பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்பதுகூட அவளுக்குத் தெரியாமலிருக்கலாம்.

நண்பர் இதற்கு வலுவான மறுப்பொன்றைச் சொன்னார். 2021 யூலை 12இல் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டுக்காக இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். ஒக்ரோபர் வரை நீடித்த அப்போராட்டம், எல்லாரும் அவரவர் வீட்டில் இருக்கையிலேதான் நடந்தது. கூடாமலும் போராடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்றார். உண்மை, அது எம்மைச் சிறிது தடுமாறச் செய்தது. ஆயினும் அன்று எமக்கு அழைப்பு விடுத்த சங்கங்கள் சூம் திரையிலே பிறந்தவையல்ல. பல்லாண்டுகளாக ஓய்வறைகளிலும் வலயக் கல்விக் கந்தோர் வாசல்களிலும் முகம் பார்த்துக் கட்டியெழுப்பியவை அவை. அன்று சேமிப்பைச் செலவு செய்தோம். சேமிப்பு எங்கிருந்து வந்தது என்பதை மறக்கலாகாது.

அப்போராட்டத்துக்கு முந்திய மாதங்களைப் பற்றிச் சொல்வது எமக்கு எளிதன்று. எமது வகுப்பில் 40 பிள்ளைகள். திரையில் தோன்றியவர்கள் நல்ல நாளில் 15 பேர். ஏனையோரின் பெயருக்கு எதிரே வரவில்லை என்று எழுதினோம். எங்கே வரவில்லை? வீட்டில் இருந்த ஒரேயொரு கைத்தொலைபேசி தகப்பனோடு கூலிவேலைக்குப் போயிருந்தது. பதுளைப் பக்கத்தில் அலைவரிசை தேடிப் பிள்ளைகள் காட்டுப் பாறை உச்சிக்கு ஏறிய செய்தியை உலகப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. எமது பிள்ளைகளுக்கு ஏறுவதற்குப் பாறையும் இருக்கவில்லை. பாடசாலை மீண்டபோது சிலர் திரும்பவேயில்லை. அவர்களில் ஒருவனைப் பின்னர் பரந்தன் சந்தியில் சைக்கிள் கடையொன்றிற் கண்டோம். கையில் எண்ணெய்க் கறையோடு எழுந்து நின்று, “சேர், இப்ப பள்ளிக்கூடம் எல்லாம் நடக்குதோ?” என்று கேட்டான். வணக்கம் சொல்லவும் அவன் மறக்கவில்லை.

வாரத்தில் 2 நாள் வீட்டிலிருந்து கற்பிப்போம் என்ற தீர்மானத்துக்கு அவனிடம் நாம் வாக்குக் கேட்க முடியாது.

எனவே கிளைக் கூட்டத்திலே திருத்தமொன்றைப் பிரேரிக்கவுள்ளோம். காலையில் பாடசாலை நேரத்தை ஒட்டிக் கிளிநொச்சியிலிருந்து உட்கிராமங்களுக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்ஸொன்று ஓடவேண்டும். பிள்ளைகளும் அதிலேயே வரலாம். தூரப் பாடசாலைகளில் ஆசிரியர் விடுதிகள் குடும்பத்தோடு வாழத் தக்கனவாய் இருக்கவேண்டும். இப்போதுள்ள விடுதியின் கூரையைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டியதில்லை. என்றேனும் மீண்டும் வீட்டிலிருந்து கற்பிக்கும்படி அரசு கட்டளையிட்டால், ஆசிரியரதும் பிள்ளையினதும் இணையச் செலவை அரசே ஏற்கவேண்டும். கருவியற்ற பிள்ளையின் பெயருக்கு எதிரே வரவில்லை என்று எழுத எவரும் எம்மைப் பணிக்கக் கூடாது. திருத்தத்தை வழிமொழிய இதுவரை இருவர் இணங்கியிருக்கின்றனர். நண்பர் இன்னும் இணங்கவில்லை. காலைப் பஸ்ஸில் விவாதம் தொடர்கிறது.