பேராதனைப் பூங்காவில் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடும் கதை

நம் மலையகத்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு ஒருநாள் வெளியே போவதென்றால் இரண்டு மூன்று இடங்கள்தான். கண்டி வாவிக்கரை, ஏப்ரலில் நுவரெலியா, இல்லாவிட்டால் பேராதனைத் தாவரவியல் பூங்கா. பேராதனைக்குப் போய்வந்த எந்த வீட்டிலாவது கேட்டுப் பாருங்கள். "பூவெல்லாம் நல்லா இருந்துச்சு, போட்டோ எடுத்தோம்" என்பார்கள். அதோடு சரி.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை அந்தப் பூங்காவுக்குள் முழுநாள் சுற்றிவிட்டு, தன் குடும்பம் இந்த மலைக்கு வந்ததற்கும் அந்த இடத்துக்கும் என்ன தொடர்பு என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பஸ் ஏறுவது அநியாயம். (வணிகம் படிக்கிறவனுக்கு மரம் செடியில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் சிரிப்பது கேட்கிறது. பொறுங்கள், கணக்குக்குத்தான் வருகிறேன் :-))

அது அழகுக்காக மட்டும் உண்டாக்கிய இடம் இல்லை. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆறே வருடத்தில், 1821இல், அலெக்சாண்டர் மூன் என்பவர் மகாவலி கங்கை வளைந்து ஓடும் அந்த நிலத்தில் தாவரவியல் தோட்டத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் நட்டவை கறுவாவும் கோப்பியும். இன்று 147 ஏக்கர் பரப்பு. 1824இல் சீனத் தேயிலைச் செடி அங்கே வந்தது. 1839இல் அசாம் தேயிலையும் வந்து சேர்ந்தது. 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர் கன்றுகள் கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. இப்போதைய பாஷையில் சொன்னால், பேராதனை ஒரு பெரிய கம்பனியின் ஆராய்ச்சிப் பிரிவு. எந்தச் செடி இந்த மண்ணில் பிழைக்கும், எது காசு தரும் என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை.

இதில் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கதை கோப்பி. 1869இல் கோப்பி இலைகளில் துரு மாதிரி ஒரு பங்கசு நோய் காணப்பட்டது. அப்போது பேராதனைத் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்தவர் துவைட்ஸ். அந்த நோயின் ஆபத்தை அவர் அப்போதே எச்சரித்தார். துரைமார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விலை நன்றாக இருந்ததால் மேலும் மேலும் கோப்பியே நட்டார்கள். இருபது வருடத்துக்குள் கோப்பித் தொழில் படுத்துவிட்டது. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

இங்கேதான் கணக்கு வருகிறது. கோப்பிக்கு ஆள் தேவைப்படுவது முக்கியமாகப் பழம் பறிக்கிற சில மாதங்களுக்கு. நம் முன்னோரில் பலர் மன்னார் பக்கம் வந்து இறங்கி, காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்து, பழம் பறித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். வழியிலேயே செத்தவர்களும் ஏராளம். தேயிலை அப்படியில்லை. கொழுந்து வருடம் முழுக்கத் துளிர்க்கும், வருடம் முழுக்கக் கிள்ள வேண்டும். ஆகவே ஆண்கள் மட்டும் வந்துபோனால் போதாது. பெண்கள் வேண்டும், பிள்ளைகள் வேண்டும், குடும்பமாகவே லயத்தில் தங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசுதான் நம்மை இந்த மலையில் நிரந்தரமாக இருத்தி வைத்தது என்று சொன்னால் அது பெரிய மிகை இல்லை. ஒரு பிள்ளைக்கு இதைவிடச் சுவாரசியமான கதை வேறு எது?

2023 டிசம்பர் விடுமுறையில் நாங்கள் போனோம். நான், அம்மா, அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. வேலை நாள் என்பதால் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அன்று பேர் விழாது. அப்போதைய நாட்சம்பளம் 1000 ரூபாய். நாங்கள் பொருளியலில் படிக்கிற 'அமையச் செலவு' என்பது இதுதான். நுழைவுச்சீட்டு, பஸ் காசு, சோற்றுப் பொதி எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த இரண்டு பேரின் பெறுமதியைத் தாண்டவில்லை. பூங்காவின் விலைப்பலகையில் அந்த 2000 ரூபாய் இருக்காது.

ஹட்டனிலிருந்து கண்டி பஸ் எடுத்தால் பூங்கா வாசலிலேயே இறங்கலாம். உள்ளே போனதும் சின்னவன் மரத்தில் தலைகீழாகத் தொங்கிய பழந்தின்னி வௌவால்களைப் பார்த்தவன் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அரைமணி நேரம் எண்ணினான். அவனுக்கு நூறுக்கு மேல் எண்ணத் தெரியாததால் மீண்டும் ஒன்றிலிருந்து. இராட்சத மூங்கிலை அவனால் இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியவில்லை. சீசெல்சுத் தீவு இரட்டைத் தேங்காயின் விதைதான் உலகத்திலேயே பெரிய விதை என்றேன். "அப்ப சம்பல் எவ்வளவு வரும்?" என்றான். அவசரப்படுத்தாமல் விட்டோம். பிள்ளைகளை "வா, வா, அங்க இன்னும் இருக்கு" என்று இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். 147 ஏக்கரையும் ஒரே நாளில் முடிக்கச் சொல்லி யார் கேட்டது?

மூத்தவள் வேறு மாதிரி. பலகைகளை வாசித்துக்கொண்டே வருவாள். 1901இல் இங்கிலாந்து இளவரசர், பிற்காலத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர், மனைவியோடு வந்து நட்ட நாகலிங்க மரம் ஒன்று இருக்கிறது. அதை வாசித்துவிட்டு அவள் கேட்டாள்: "மாமா, அவங்க நட்டாங்க சரி. குழி யாரு வெட்டுனா?"

அம்மா சிரித்துவிட்டார். "ராசா மம்பட்டி புடிப்பாராக்கும்!"

அந்தப் பேச்சிலிருந்துதான் நான் கோப்பிக் கதையைத் தொடங்கினேன். அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "ஒருநாள் வந்ததுக்கும் தேயிலைக் கதையாடா? அதத்தானே தெனமும் பாக்குறோம்" என்றார். அக்கா சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மாவுக்கும் அன்றைக்குப் புல்வெளியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பதே போதுமாக இருந்தது. நானும் அவர்களை வகுப்பில் உட்காரச் சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்டது பிள்ளை. கேட்ட பிள்ளையிடம் "சும்மா வா" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வருடம் டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாறிய அவளை யாரோ 'தோட்டக்காட்டாள்' என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்த இடம் என்று கேட்டால் தோட்டத்தின் பேரைச் சொல்லமாட்டாள், ஹட்டன் என்பாள். இந்த நோய்க்கு ஓர்க்கிட் கூடத்தில் மருந்து இல்லை. சீனாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த செடிக்கு 'சிலோன் டீ' என்று நாட்டின் பேரையே வைத்துக்கொண்டார்கள். அதைக் கிள்ள வந்தவர்களின் பிள்ளைகளுக்கு 1948 சட்டம் குடியுரிமை இல்லை என்றது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் வழிவிட்ட சட்டம் வர 2003 ஆனது. இதை ஒன்பது வயதுக்குத் தகுந்த மாதிரிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தாள். பிறகு, "இதுவும் தோட்டந்தானே மாமா? டிக்கெட் எடுத்துப் பாக்குறாங்க" என்றாள்.

பூங்கா நிர்வாகமும் கொஞ்சம் யோசிக்கலாம். விருந்தாளிகள் நட்ட மரங்களுக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, நல்ல விஷயம். கோப்பி, தேயிலை, இறப்பர் என்ற செடிகள் எங்கிருந்து வந்தன, அவற்றோடு யார் வந்தார்கள் என்று மூன்று மொழியிலும் ஒரு பலகையை நாங்கள் நடந்த பாதைகளில் நான் காணவில்லை. வைத்தால் பெரிய செலவு இல்லை. அதுவரை அந்தப் பலகையின் வேலையை அம்மாவோ மாமாவோ செய்ய வேண்டியதுதான்.

போகிறவர்களுக்கு ஒரு தகவல்: குரங்குகள் உண்டு, சோற்றுப் பொதியைக் கையைவிட்டு வைக்காதீர்கள். அடுத்ததாக ஹக்கல பூங்காவுக்குப் போவதாக இருக்கிறோம். மலேரியா மருந்துக்காக 1861இல் சிங்கோனா நட்டுத் தொடங்கிய இடம் அது. மூத்தவள் இப்போதே அதைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டாள். சின்னவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், அங்கே வௌவால் இருக்குமா என்று.